மைகிட் இல்லாத மகளுக்குப் பள்ளியில் இடம் உண்டா?

வாசகர் கேள்வி:

நான் பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறேன்; மலேசியக் குடிமகன். என் மனைவி திருச்சிப் பக்கத்தவர். இங்குள்ள உறவினர் வீட்டுக்குச் சமூக வருகை பாஸில் வந்தவரை 2018இல் கோயிலில் தாலி கட்டித் திருமணம் செய்துகொண்டேன், பதிவு செய்யவில்லை. மறுஆண்டு அரசாங்க மருத்துவமனையில் மகள் பிறந்தாள். பிறப்புப் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. ஆனால் மகளைக் குடிமகள் அல்லர் என்று குறித்திருக்கிறார்கள். கோவிட் காலத்தில் மனைவியின் பாஸ் முடிந்துவிட்டது. பயந்துகொண்டு நாங்கள் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. மகளுக்கு முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டிய வயதாகிவிட்டது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனால், மைகிட் என்னும் பிள்ளைகளுக்கான அடையாள அட்டை இல்லாமல் சேர்க்க முடியாது என்று அலுவலகத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 12,000 ரிங்கிட் கொடுத்தால் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக ஓர் ஏஜெண்டு சொல்கிறார். மகளோ சீருடை எப்போது வாங்குவோம் என்று தினமும் கேட்கிறாள். நான் என்ன செய்வது?

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரருக்கு வணக்கம்.

முதலில் அந்தச் சீருடையை வாங்கிக் கொடுங்கள். மகள் பள்ளிக்குப் போகலாமா என்ற கேள்வியும், அவள் இந்த நாட்டின் குடிமகளா என்ற கேள்வியும் உங்கள் மனத்தில் ஒரே முடிச்சாக விழுந்திருக்கின்றன. பள்ளி அலுவலகத்தில் உங்களுக்குப் பதில் சொன்னவரும் இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருக்கிறார். சட்டத்தில் அவை வேறு வேறு. குடியுரிமைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பள்ளிக்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது.

தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியிருப்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவு. 2003 முதல் நடப்பில் இருக்கும் அந்தப் பிரிவை, குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று பலர், பள்ளி ஊழியர்கள் உட்பட, நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிவை எடுத்து வரி வரியாகப் படித்தால் வேறு ஒன்று தெரியும். மலேசியக் குடிமகனாக இருந்து மலேசியாவில் வசிக்கும் பெற்றோர், உரிய வயதை எட்டிய தம் பிள்ளையைத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதே அங்குள்ள கட்டளை. தவறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. அந்த வாசகம் அப்பா குடிமகனா என்று பார்க்கிறது. பிள்ளையின் குடியுரிமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திருமணம் பதிவாகாததால் நீங்கள் சட்டப்படியான தந்தை இல்லை என்று யாராவது வாதிட்டால், அதற்கும் அந்தச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது: பெற்றோர் என்ற சொல்லுக்குள் பாதுகாவலரும், பிள்ளையை உண்மையில் தம் பொறுப்பில் வைத்து வளர்ப்பவரும் அடங்குவர். ஆகவே, சகோதரரே, நீங்கள் அந்தப் பள்ளிக்குச் சலுகை கேட்டுப் போகவில்லை. சட்டம் உங்கள் தலைமேல் வைத்த கடமையை நிறைவேற்றப் போனீர்கள்.

கல்வி அமைச்சின் கொள்கையும் உங்கள் பக்கமே இருக்கிறது. தாய் தந்தையரில் ஒருவராவது மலேசியராக இருந்தால், பிள்ளையின் ஆவணங்கள் முழுமை பெறாவிட்டாலும் அரசாங்கப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, ஆவணங்களைத் தேடிக்கொள்ளப் பெற்றோருக்கு அவகாசம் கொடுக்கும் நடைமுறை 2019 முதல் இருந்துவருகிறது. ஆசிரியர்கள் இதை ‘ஸீரோ ரிஜெக்ட் பாலிசி’ (யாரையும் திருப்பி அனுப்பாத கொள்கை) என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பினாங்கில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் இது பொருந்தும். உங்கள் மகளிடம் பிறப்புப் பத்திரம் இருக்கிறது, அதில் உங்கள் பெயரும் இருக்கிறது. இந்த ஒரு தாள்கூட இல்லாமல் என்னிடம் வரும் குடும்பங்களை நினைக்கும்போது, நீங்கள் வலுவான இடத்தில் நிற்கிறீர்கள் என்றே சொல்வேன்.

மறுபடியும் பள்ளி அலுவலக முகப்பில் போய் நின்று வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். செபராங் பிறை வடக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு, பிபிடி என்று நாம் சொல்லும் அலுவலகத்துக்கு, ஒரு கடிதம் எழுதிக்கொண்டு நேரில் செல்லுங்கள். மகளின் பெயர், பிறந்த நாள், பிறப்புப் பத்திர எண், நீங்கள் மலேசியர் என்பது, எந்தப் பள்ளியில் எந்த நாளில் என்ன காரணம் சொல்லித் திருப்பினார்கள் என்பது ஆகியவற்றை மலாய் மொழியில் ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். பிறப்புப் பத்திரம், உங்கள் அடையாள அட்டை, வீட்டு முகவரியைக் காட்டும் மின்கட்டண அல்லது தண்ணீர்க் கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். நீங்கள்தான் அந்தப் பிள்ளையின் தந்தை என்றும் அவள் உங்களோடு வளர்கிறாள் என்றும் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட பத்திரம் ஒன்றும் இருந்தால் நல்லது. அதற்கு ஆகும் செலவு சிறியது. கடிதத்தின் இரண்டாம் பிரதியில் ‘பெறப்பட்டது’ என்ற முத்திரையைக் குத்தித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை விழுந்த தாளைக் கண்டதும் பேச்சின் தொனியே மாறிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாநிலக் கல்வி இலாகாவுக்குப் போகலாம், உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தையும் நாடலாம். இவை எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே செய்யலாம். உங்கள் மனைவி எந்த அலுவலகத்துக்கும் வர வேண்டியதில்லை.

செலவு சற்றுக் கூடும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். குடியுரிமை இல்லாத மாணவருக்குப் பொதுவாகத் தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்கு 120 ரிங்கிட்டும் இடைநிலைப் பள்ளியில் 240 ரிங்கிட்டும் கட்டணம் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு இரவலாகக் கிடைக்கும் பாடநூல்களை நீங்கள் விலைக்கு வாங்க நேரலாம். சில பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கமே இதற்குக் கை கொடுக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

பள்ளியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் 19 வயது மகனை ஜார்ஜ்டவுனில் உள்ள என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். காகிதங்களை எல்லாம் ஒரு பழைய மைலோ டின்னுக்குள் சுருட்டி வைத்திருந்தார். ஏறக்குறைய உங்கள் கதைதான் அவர்களுடையதும். ஐசி என்னும் அடையாள அட்டை வந்த பிறகு சேர்க்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பிக் காத்திருந்து, அந்தப் பையன் ஒரு நாளும் பள்ளிக்குப் போகவில்லை. பாரத்தில் பெயரை எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். அவன் பிறப்புப் பத்திரத்தை மேசைமேல் விரித்து, விரலால் ஓர் எழுத்தைத் தொடுவதும் அதைப் பார்த்துத் தாளில் வரைவதுமாக இருந்தான். பெயரை முடிக்க அவனுக்குச் சில நிமிடங்கள் ஆயின. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். குடியுரிமை மனுவில், இந்தப் பிள்ளை இந்த மண்ணிலேயே வளர்ந்தவன் என்று காட்டப் பள்ளி வருகைப் பதிவு, தேர்வறிக்கை, ஆசிரியர் கடிதம், வகுப்புப் படம் என்று எதுவுமே எங்கள் கையில் இல்லை. உங்கள் மகளின் கோப்பு ஒவ்வோர் ஆண்டும் கனத்துக்கொண்டே வர வேண்டும். அதைக் கனக்க வைக்கப்போவது பள்ளிதான்.

இனிக் குடியுரிமை. மகளுக்கு ஏன் அது தானாகக் கிடைக்கவில்லை என்பதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் யார் என்ன கதை சொன்னாலும் நம்பிவிடுவீர்கள். மலேசியாவில் பிறந்த பிள்ளையின் தாய் தந்தையரில் ஒருவர் அந்தப் பிறப்பின்போது குடிமகனாக இருந்தால் அந்தப் பிள்ளை குடிமகன் என்று கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. ஆனால் அதே அட்டவணையின் 17ஆம் பிரிவு, சட்டப்படியான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் விஷயத்தில் தந்தை என்று வரும் இடங்களில் எல்லாம் தாயை வைத்துப் பொருள் கொள்ளச் சொல்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது முதல், பதிவு செய்யாத கோயில் திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது. ஊர் கூடி வாழ்த்தியிருக்கலாம். ஐயர் மந்திரம் ஓதியிருக்கலாம். கோயில் நிர்வாகம் ரசீதும் கொடுத்திருக்கலாம். பதிவதிகாரி, அல்லது அந்த அதிகாரம் பெற்ற கோயிலின் உதவிப் பதிவாளர், கையெழுத்திட்ட சான்றிதழ் இல்லாததால் உங்கள் மகள் தாயின் நிலையையே பெற்றாள். நம் சமூகத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்ததால் நாடற்றுப் போன பிள்ளைகளை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இப்போது திருமணத்தைப் பதிவு செய்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். பின்னால் செய்யும் பதிவு 1961ஆம் ஆண்டு ‘லெஜிட்டிமேசி’ சட்டத்தின்படி மகளுக்குச் சட்டப்படியான பிள்ளை என்ற தகுதியைத் தரக்கூடும். குடியுரிமைக்குப் பிறந்த நேரத்து நிலையே அளவுகோல். இதே போன்ற ஒரு வழக்கில், மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் பிறந்த பிள்ளை, பெற்றோர் பின்னர் திருமணத்தைப் பதிவு செய்திருந்தும் குடிமகன் ஆகவில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2021 மே மாதம் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம் உங்கள் சிக்கலைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் அதுவும் சரியன்று. அது முதன்மையாக மலேசியத் தாய்மார்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்காகக் கொண்டுவரப்பட்டது.

உங்கள் மகளுக்குத் திறந்திருக்கும் கதவு அரசமைப்பின் 15ஏ பிரிவு. சிறப்புச் சூழ்நிலைகளைக் கருதி, வயது வரம்புக்கு உட்பட்ட ஒருவரைக் குடிமகனாகப் பதிவு செய்ய மத்திய அரசாங்கத்துக்கு அது அதிகாரம் தருகிறது. 21ஆக இருந்த அந்த வரம்பை மேற்சொன்ன 2024 திருத்தம் 18ஆகக் குறைக்கிறது. ஆகையால் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போட இடமில்லை. மனுவைத் தேசியப் பதிவு இலாகாவில் கொடுக்க வேண்டும். முடிவு உள்துறை அமைச்சினுடையது. நீங்கள்தான் தந்தை என்பதற்கு மரபணுச் சோதனை கேட்கப்படலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதுவே உங்கள் மிக வலிமையான சாட்சி. மறுப்புக் கடிதம் வந்தால், பெரும்பாலும் காரணம் சொல்லாமலே வரும். அப்போது உறையைக்கூட எறியாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்க மூன்று மாதமே கெடு. கடிதம் எந்த நாளில் கைக்கு வந்தது என்பதற்கு அஞ்சல் முத்திரை சாட்சி சொல்லும். மீண்டும் மனுச் செய்யவும் தடையில்லை.

இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு ஒரு வேலை செய்கிறார்கள்: பிள்ளைக்கு இந்தியக் கடப்பிதழ் எடுத்துவிடுகிறார்கள். தாய் இந்தியக் குடிமகளாக இருப்பதால், இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி உங்கள் மகளை இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வழியுண்டு. பிறந்த ஓராண்டுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். அது கடந்துவிட்டதால் இந்திய அரசின் அனுமதி தேவைப்படும். கடப்பிதழ் கிடைத்தால் மகளுக்கு இங்கே முறையான பாஸ் கேட்கலாம் என்ற நன்மை இருக்கிறது. அதே வேளையில், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத, மலேசியாவில் பிறந்த பிள்ளை என்ற வாதத்தை அந்தக் கடப்பிதழ் அடியோடு எடுத்துவிடும். இரட்டைக் குடியுரிமையை மலேசியா ஏற்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டில் எது உங்கள் மகளுக்கு உகந்தது என்பதை முழு ஆவணங்களையும் பார்த்த ஒரு வழக்கறிஞர் சொல்லும் வரை தூதரகத்தில் எந்தப் பாரத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

மனைவியைப் பற்றிய பகுதியைத்தான் நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுதான். பாஸ் முடிந்த பிறகும் தங்கியிருப்பது குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் குற்றம். அபராதத்தோடு ஐந்து ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. ஆகவே யாரோ தைரியம் சொன்னார்கள் என்று அவரைத் தனியாகக் குடிநுழைவு இலாகாவுக்கு அனுப்பிவிடாதீர்கள். காலம் கடந்து தங்கியவர்கள் நாடு திரும்ப அரசாங்கம் அவ்வப்போது அறிவிக்கும் திட்டங்களிலும் ஆலோசனை பெறாமல் பெயர் கொடுக்க வேண்டாம். போனவர் திரும்பி வரத் தடை இருந்தால், பிள்ளை ஒரு கரையிலும் தாய் மறு கரையிலும் நிற்கும் நிலை வரும். குடும்பச் சூழலை விளக்கி, வழக்கறிஞர் வழியாக, தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கும் சிறப்பு பாஸ் கோருவது முதற்படியாக இருக்கலாம். அது கிடைத்தால், அவர் மணமாகாதவர் என்று இந்தியத் தூதரகம் தரும் சான்றிதழோடு பதிவு இலாகாவில் திருமணத்துக்கு விண்ணப்பித்து, 21 நாள் அறிவிப்புக் காலம் முடிந்ததும் பதிவு செய்துகொண்டு, குடிமகனின் மனைவி என்ற முறையில் நீண்டகாலச் சமூக வருகை பாஸ் கேட்கலாம். நடையாய் நடக்க வேண்டிய வேலைதான். ஆனால் பதிவுக்குப் பிறகு உங்களுக்கு இங்கே இன்னொரு குழந்தை பிறந்தால், அது பிறக்கும்போதே மலேசியக் குடியுரிமையோடு பிறக்கும். அக்காளுக்கு வந்த கஷ்டம் தம்பி தங்கைக்கு வராது.

இதற்கெல்லாம் பணம் இல்லை என்று நினைத்தால் பினாங்கில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆலோசனை கிடைக்கும். ஆவணமற்ற இந்தியர்களுக்காகப் பல ஆண்டுகளாக உழைத்துவரும் டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா அமைப்பினர் பாரங்களை நிரப்புவது முதல் கூடவே இருந்து உதவுகிறார்கள். அந்த ஏஜெண்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்குகூட இவர்களிடம் செலவாகாது.

அந்த ஏஜெண்டைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். 15ஏ முடிவைப் பணத்துக்கு வாங்கித் தர எவராலும் முடியாது. 12,000 ரிங்கிட்டுக்கு அவர் தரக்கூடியது ஒன்று பொய்யான ஆவணமாக இருக்கும், அல்லது குடியுரிமை உள்ள உங்கள் அக்காவோ தங்கையோ பெற்ற பிள்ளையாக மகளைப் புதிதாகப் பதிவு செய்யும் தந்திரமாக இருக்கும். இரண்டுமே குற்றம். அதைவிடக் கொடுமை, பின்னாளில் அது வெளிப்பட்டால் இன்று உங்கள் கையில் இருக்கும் உண்மையான பிறப்புப் பத்திரத்தின் மேலும் சந்தேகம் விழும். பெற்ற தாயின் பெயரே ஆவணத்தில் இல்லாமல் போகும். பத்துக் காசு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். மகளின் மூலப் பத்திரத்தை ஏற்கெனவே அவரிடம் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் போலீஸில் புகார் செய்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

இதைப் படிக்கும் இலங்கைத் தமிழ் அகதிக் குடும்பங்கள் தங்கள் நிலை வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை அரசாங்கப் பள்ளியில் இடம் பெற்றுத் தராது. அவர்கள் கோலாலம்பூரில் உள்ள ஆணைய அலுவலகத்தில் தங்கள் வட்டாரத்துச் சமூகக் கற்றல் மையங்களைப் பற்றிக் கேட்டறிந்து, பிள்ளைகளை அங்கே சேர்க்கலாம்.

சகோதரரே, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கான கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பிறகு லாரி ஓட்டம் இல்லாத ஒரு நாளில் ஃபெரி பிடித்துச் சட்ட உதவி மையத்துக்கு வாருங்கள். மகளின் பிறப்புப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம், மருத்துவமனையில் கொடுத்த காகிதங்கள், கோயில் ரசீது, திருமணப் படங்கள், மகளோடு நீங்கள் இருக்கும் பழைய படங்கள், பாலர் பள்ளிக்குக் கட்டிய ரசீதுகள், மனைவியின் கடப்பிதழின் ஒவ்வொரு பக்கத்தின் நகல் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். மூலப் பிரதிகளை வீட்டிலேயே நனையாத இடத்தில் வைத்துவிட்டு, நகல்களை மட்டும் கொண்டு வாருங்கள். மனைவி அன்று வர வேண்டாம். அவர் எந்த நாளில், எந்த வழியாக இந்த நாட்டுக்குள் வந்தார், பாஸ் எப்போது முடிந்தது என்பவற்றை மட்டும் அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.